இரண்டு புள்ளி கீழே

என் சண்டைக்காரத் தம்பி சுதனுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதமாகிறது. வருகிற மாதம் உன் ஆண்டுத் திவசம். அன்றைக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறோம். அக்கா என்ற முறையில் நானும் அதில் ஏதாவது எழுத வேண்டுமாம். பண்பானவன், அமைதியானவன், எல்லோருக்கும் உதவுபவன் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். பேனையை எடுத்தால் உன்னை ஏசத்தான் வருகிறது.

ஆகவே ஏசுகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

உனக்குக் கால் நொண்டுகிறது என்று ஏன்டா எனக்குச் சொல்லவில்லை?

நாலு வருடம் மறைத்தாய். சித்தாண்டியில் வயல் வேலையை முடித்துக்கொண்டு வரும்போது மழைக்குள் மோட்டார்சைக்கிள் சறுக்கியது என்றாய். "சின்ன உராய்ச்சல்தான் அக்கா, பத்து நாளில சரியாகிடும்" என்றாய். பத்து நாள் கழித்துச் சரியாகிவிட்டது என்றும் நீயே சொன்னாய், அம்மாவையும் சொல்ல வைத்தாய். தோஹாவில் நான் வேலை செய்த தையற்கடை வெள்ளிக்கிழமைகளில்தான் பூட்டியிருக்கும். ஒவ்வொரு வெள்ளியும் வீடியோ கோலில் உன்னைப் பார்த்தேன். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிந்தாய். எழும்ப வேண்டி வந்தால், "லைன் வெட்டுது அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கல்லடியில் என்ன லைன் இது, கதையை முடிக்க விடாத லைன் என்று நான் போனைத்தான் ஏசினேன்.

"எப்பக்கா வாறீங்க?" என்று ஒவ்வொரு வெள்ளியும் கேட்டாய். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதில் எனக்கும் உன்னை ஏசுவதற்கு அவ்வளவு உரிமை இல்லை. தெரியும்.

டெங்கு வந்து ஐந்து நாளில் நீ போனாய். நான் வந்து இறங்கியபோது உன்னை மண்ணில் வைத்து இரண்டு நாளாகியிருந்தது. போட்டுக்கொண்டு வந்த பச்சைச் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லி வெள்ளைச் சேலை ஒன்றைத் தந்தார்கள். உன் கதிரை மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. உன் செருப்பு கதவோரமாக இருந்தது. அதை ஒருவரும் நகர்த்தவில்லை.

எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் சடங்கு எல்லாம் முடிந்து சனம் கலைந்தபோது அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"அவன் அந்த லப்டொப்புல கேம் ஒண்டு செஞ்சிக்கிட்டு இருந்தான் புள்ள. மனுசரெல்லாம் நடக்குற கேம். அதுல அவனும் நடப்பானாம். முடிச்சிட்டுக் காட்டுறன் அம்மா எண்டான். காட்டல்ல. நீ ஒருக்காத் திறந்து காட்டன். போட்டோவுலயெல்லாம் சும்மாதான் நிக்கான். அவன் நடக்குறத எனக்குப் பாக்கணும்."

திறந்தேன். இரண்டு நாளில் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தேன். என் பிறந்த நாளை வைத்திருந்தாய், மடையா. அங்கே நம் ஊர் கல்லடி இருந்தது. வாவிக்கரை, பாலம், நம்முடைய வேலி, பஸ் தரிப்பு. வீட்டிலிருந்து ஒருவன் புறப்பட்டு வாவிக்கரையோரமாகப் பஸ் தரிப்புக்குப் போக வேண்டும். அங்கே பெட்டியோடு ஒரு பெண் நிற்பாள். அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் கேம் முடிந்தது. அவ்வளவுதான் கதை. அந்தப் பெண் மட்டும் தலை முதல் கால் வரை சாம்பல் நிறத்தில் நின்றாள். உன் கொப்பியில் அவளுக்கு நேரே எழுதியிருந்தாய்: "அக்கா. என்ன நிறம் உடுப்பு என்று கேட்க வேண்டும்."

அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அன்று முழுக்க ஒரு வேலையும் செய்யவில்லை.

அம்மாவுக்கு உடனே காட்டியிருக்கலாம். திறந்த அன்றைக்கே, இருந்தபடியே காட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. ஆனால் என் குணம் உனக்குத் தெரியும். இழை தொங்கும் உடுப்பை நான் ஒரு நாளும் ஆளிடம் கொடுத்ததில்லை. முதலில் சுத்தமாக முடிப்போம், பிறகு காட்டுவோம் என்று நினைத்தேன். தோஹாவுக்குத் திரும்பவில்லை. பகலில் அம்மா படுக்கும் நேரங்களில் உன் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, முப்பத்தாறு வயதில் பொம்மை கீறப் பழகினேன்.

ஒரு மனிதன் என்றால் பதினாறு புள்ளி அகலம், இருபத்துநாலு புள்ளி உயரம். கண்ணுக்கு ஒரு புள்ளிதான். ஒரு வரிசையில் ஆறு பெட்டி. ஆறிலும் அதே ஆள், காலும் கையும் மட்டும் வேறு வேறு இடத்தில். ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால் அவன் நடக்கிறான். முதல் தடவை அது நடந்ததைப் பார்த்தபோது லப்டொப்பைப் படாரென்று மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். பயம்தான்.

நிறம் மாற்றும் வேலை எனக்குக் கைக்கு வந்தது. அது துணி வேலை மாதிரித்தான். ஊரில் உள்ள எல்லோரையும் நீ ஒரே உடம்பிலிருந்து எடுத்திருந்தாய். நீலச் சேர்ட்டும் பழுப்புச் சாரமும் போட்டால் நீ. சேர்ட்டைக் கழற்றிச் சாரத்தை வேட்டியாக்கினால் கோயில் ஐயர். காலுக்கு மேலே பாவாடை கீறினால் கச்சான் கடலை விற்கும் பெண். ஒரு நிறம் என்றால் உண்மையில் மூன்று: வெளிச்சம், நடு, நிழல். மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். நான் நடுவை மட்டும் மாற்றிவிட்டுப் பார்த்தேன். மீன்காரரின் சிவப்புச் சேர்ட்டில் விளிம்பெல்லாம் நீலம், அடி வாங்கியவர் மாதிரி நின்றார். நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதே, ஊதாவைக் கலக்கு என்று எழுதியிருந்தாய். எங்கேயடா படித்தாய் இதை? இருபது வருடம் துணியோடு இருந்த எனக்கு அது தெரியும். உனக்கு யார் சொன்னது?

ஒரு நாள் ஐயரின் வேட்டியை வெளுக்கும்போது அவருடைய கண்ணும் சேர்ந்து வெளுத்துப்போயிற்று. சாரத்தின் கரைக்கும் கண்ணுக்கும் ஒரே கறுப்பை வைத்திருந்தாய். கொப்பியைப் புரட்டினால், "கண்ணுக்கு வேறு கறுப்பு!!" என்று இரண்டு ஆச்சரியக்குறி. நீயும் அதே பிழையைச் செய்திருக்கிறாய். வெள்ளைக் கண்ணோடு நின்ற ஐயரைப் பார்த்து நானும் தனியே இருந்து சிரித்தேன். நீ போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

ஊர் முழுக்க நடக்க விட்டுப் பார்த்தபோது ஏதோ இடித்தது. ஐயர் நொண்டினார். மீன்காரர் நொண்டினார். கச்சான்காரியும் நொண்டினாள். ஒரு ஊரில் அத்தனை பேரும் நொண்டுவார்களா? உடம்பைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாம் பெட்டியிலும் நாலாம் பெட்டியிலும் ஆள் இரண்டு புள்ளி கீழே இறங்கி நின்றான். இடது கால் தூக்க வேண்டிய இடத்தில் தூக்காமல் நிலத்தோடு இழுபட்டது. நேரமும் ஒழுங்கில்லை, ஒரு பெட்டி கூடுதல் நேரம் நின்றது, ஒரு பெட்டி அவசரமாக ஓடியது. எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. பழகுகிறவன் செய்த பிழை. ஒரு பக்கம் இறக்கம் கூடிய பாவாடையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா?

இரண்டு புள்ளி உயர்த்தினேன். காலைத் தூக்கி வைத்தேன். ஆறு பெட்டிக்கும் ஒரே நேரம் கொடுத்தேன். பிறகு அந்த உடம்பிலிருந்து ஊரில் உள்ள எல்லோரையும் புதிதாக நிறம் மாற்றி எடுத்து, உன்னுடைய பழையவற்றின் மேலேயே பதிந்தேன். ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. பிழையை யாராவது பத்திரப்படுத்துவார்களா?

அன்றைக்கு மாலைத் தேத்தண்ணி நேரத்துக்கு றிஸ்வானையும் வரச் சொன்னேன். இந்த நினைவு மலரில் உன்னை அறியாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்: றிஸ்வான் காத்தான்குடிப் பிள்ளை, உன் கூட்டாளி. நீ கீறினாய், அவன் கேமை ஓட வைக்கும் கணினி வேலையைச் செய்தான். நீ போன பிறகு அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை. வந்தவன் உன் கதிரையில் உட்காராமல் நிலத்தில் உட்கார்ந்தான்.

அம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினேன். நீலச் சேர்ட்டோடு வேலியைத் தாண்டி வந்து வாவிக்கரையில் நடந்தாய். நேராக, அழகாக நடந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆரு புள்ள இது?" என்று அம்மா கேட்டார்.

"தம்பிதான்மா. சேர்ட்டப் பாருங்களன்."

"சேர்ட் அவன்டதான். நடை ஆருட?"

நான் றிஸ்வானைப் பார்த்தேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, நீங்க இதுல கை வச்சீங்களா?"

"பிழையா இரிந்திச்சிடா. ரெண்டு பெட்டியில ஆள் கீழ இறங்கி நிண்டான். ஊருல உள்ள எல்லாரும் நொண்டினாங்க. நான் எல்லாத்தையும் சரியாக்கி வச்சிரிக்கன்."

"அது பிழை இல்லக்கா," என்றான். "அது அவன்ட கால்."

அப்போதுதான் எனக்குத் தெரியும், சுதன். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன். உன் இடது கால் ஒரு விரற்கடை கட்டையாகிப் போனதை, நாலு வருடமாக நீ இந்த விறாந்தையில் இழுத்து இழுத்து நடந்ததை, நான் கண்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியதை எல்லாம் றிஸ்வான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். போனைப் பூச்சாடியில் சாத்தி வைத்து, உன் நடையை நீயே வீடியோ எடுத்து, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் அந்த ஆறு பெட்டியையும் கீறினாயாம்.

"நானும் கேட்டன் அக்கா," என்றான் அவன். "நீ நொண்டுறாய், சரி. ஏன்டா ஐயரும் நொண்டணும், மீன்காரரும் நொண்டணும், வேற உடம்பு ஒண்டு கீறன் எண்டன். அதுக்கு அவன், எல்லாரும் இப்பிடி நடந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கடா எண்டான்."

உன்னை ஒருவரும் திரும்பிப் பார்க்காத ஒரு ஊரைக் கட்டியிருக்கிறாய். நான் போய் அந்த ஊரையே நிமிர்த்திவிட்டேன்.

அவனிடம் உன்னுடைய படங்கள் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. முடித்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் தருகிறேன் என்று நீ சொன்னாயாம். அவன் தன் கணினியில் அதுவரை ஆட்களுக்குப் பதிலாக வெறும் சதுரங்களைத்தான் ஓட விட்டுப் பார்த்திருக்கிறான். அப்படியென்றால் போனில் அந்த வீடியோ இருக்குமே என்றான். உன் போன் பூட்டுத் திறக்கவில்லை என்று, அம்மாவுக்கு உதவட்டும் என்று, கடையில் கொடுத்து உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு வந்தவளும் நான்தான்.

என்னை நீ ஏசியிருக்கலாம். அம்மா ஏசியிருக்கலாம். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்க் கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினார். அந்தச் சத்தத்தை எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. உன் நடை இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அதை நான் திருத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா வந்து என் முன்னால் நின்றார்.

"எழும்பு. போனை எடு. நான் நடந்து காட்டுறன்."

நம் அம்மாவை உனக்குத் தெரியும். முழங்கால் வலிக்குத் தைலம் பூசாமல் கோயிலுக்குக்கூடப் போகாத மனிசி. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, விறாந்தையின் அந்தத் தொங்கலிலிருந்து இந்தத் தொங்கல் வரைக்கும் உன்னைப் போல நடந்தார். "வலக்கால வச்சித்தான் இடக்கால இழுப்பான். இழுக்கக்குள்ள தோள் இப்பிடிச் சரியும். கைய வீச மாட்டான், துடையில வச்சிருப்பான். பாத்தியா? எடுத்தியா?" திரும்பவும் நடந்தார். திரும்பவும் நடந்தார். எனக்குப் போனில் ஒன்றும் தெரியவில்லை, கண் மறைத்தது. போதும் அம்மா என்றேன். "உனக்குப் போதும். நீ காணல்ல. நான் தினமும் கண்டவள்," என்றார். அது ஏச்சு இல்லை. ஆனாலும் எனக்குச் சரியான இடத்தில் பட்டது.

அதை வைத்துக் கீறினேன். வந்தது முழங்கால் வலிக்காரக் கிழவி ஒருத்தி. நீ வரவில்லை.

கதவோரம் இருந்த உன் செருப்பைப் பதினொரு மாதத்தில் முதல் தடவையாக நான்தான் கையில் எடுத்தேன். மன்னித்துக்கொள். இடது செருப்பு நுனியில்தான் தேய்ந்திருக்கிறது, பெருவிரலுக்குக் கீழே, கடதாசி மாதிரி. வலது செருப்பு குதிகாலின் வெளிப்பக்கம். உடுப்பு எங்கே தேய்ந்தது என்று பார்த்து ஆள் எப்படி உட்காருவான் என்று சொல்லிவிடுவேன் நான். இது அந்த வேலைதான். நீ பாதத்தை முழுதாக இழுக்கவில்லை. குதியைத் தூக்கிவிட்டு நுனியை மட்டும் இழுத்திருக்கிறாய். அந்த நுனியைக் கீற ஒரு புள்ளி போதும்.

பிறகு உன் கொப்பியில் ஒரு வரி. 12, 12, 20, 12, 12, 8. மேலேயும் கீழேயும் ஒரு விளக்கமும் இல்லை, வெறும் எண்கள். முதல் தடவை கண்டபோது ஏதோ உடுப்பு அளவு என்று தாண்டிப் போயிருந்தேன். றிஸ்வானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் போன் வந்தது. "அக்கா, அது ஒவ்வொரு பெட்டியும் நிக்கிற நேரம்!" மூன்றாம் பெட்டியில் நீ இருபது நிற்கிறாய். வலிக்கும் இடம் அது. கடைசிப் பெட்டியில் எட்டுத்தான். வலி முடிந்ததும் ஓடுகிறாய். உன் வலியை இவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்த நீ, என்னிடம் சின்ன உராய்ச்சல் என்றாய்.

இரண்டு புள்ளி கீழே இறக்கினேன். நுனியை இழுத்தேன். நேரத்தை நீ எழுதியபடியே வைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா அம்புக்குறியைத் தானே அழுத்தினார். வீட்டிலிருந்து வாவிக்கரை, பாலத்தடி, பஸ் தரிப்பு. திரும்ப ஆரம்பத்திலிருந்து. திரும்பவும்.

"கிட்ட வந்திட்டான்," என்றார். இன்னொரு தடவை நடத்திவிட்டு, "முழுசா வரல்ல," என்றார்.

முழுதாக இனி நீ வரப்போவதில்லை. எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அழிந்தது அழிந்ததுதான். நான் கீறியது உன் நடை இல்லை, உன் நடையைப் பற்றி அம்மா சொன்னது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கமுன் லப்டொப்பை எடுத்து வா என்கிறார். உன்னைப் பஸ் தரிப்பு வரை நடத்திக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் எழும்புகிறார். ஊர்க்காரர் எல்லோரையும் பழையபடி நொண்ட வைத்துவிட்டேன். ஐயர் நொண்டுகிறார், மீன்காரர் நொண்டுகிறார். இப்போது ஒருவரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பஸ் தரிப்பில் நிற்பவளுக்கு நிறம் கேட்டிருந்தாய். பச்சை. நான் வந்து இறங்கிய நாளில் போட்டிருந்த பச்சை. நீ பார்க்காதது. மூன்று பச்சையும் வைத்தேன், நிழலுக்கு ஊதா கலந்து. அவளும் உன் உடம்பிலிருந்து வந்தவள், அவளும் நொண்டுவாள். அதை நான் திருத்தமாட்டேன்.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. பஸ் தரிப்புக்கு வந்துவிட்டாய், நானும் பெட்டியோடு நிற்கிறேன், இரண்டு பேராலும் வீட்டுக்குப் போக முடியவில்லை. வலப்பக்கம் நடக்கும் வரிசைக்குக் கீழே ஆறு வெறும் பெட்டி கீறி, பக்கத்தில் "திரும்பி வருவது, பிறகு" என்று எழுதியிருக்கிறாய். போவதை மட்டும் கீறிவிட்டுப் போய்விட்டாய். றிஸ்வான் படத்தை அப்படியே மறுபக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தான், ஒரு வரி வேலைதான் என்றான். நீ திரும்பி நடந்தாய். அம்மா உடனே நிறுத்தச் சொன்னார். "இப்ப மற்றக் கால் நொண்டுது. இது கண்ணாடிக்குள்ள தெரியிறவன். வேணாம்."

அதனால் திருப்பிப் போட முடியாது. புதிதாகத்தான் கீற வேண்டும். நாளைக்கு அம்மா விறாந்தையில் மறுபக்கமாக நடக்கப்போகிறார், இப்போதே காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருக்கிறார். ஆறு பெட்டி, சுதன். மூன்றாவதில் இருபது நிற்பாய், நான் அவசரப்படுத்தமாட்டேன். உன் திவசத்துக்கு முன்னம் அந்த ஆறையும் கீறி, உன்னை நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன்.

பஸ் தரிப்பில் பச்சைச் சட்டையோடு நிற்கும்
உன் அக்கா
கல்லடி